இனிமே வேண்டாங்க, ரொம்ப நன்றி

நாலு வார்த்தைதான் அந்த மெசேஜ். "இனிமே வேண்டாங்க. ரொம்ப நன்றி." அது வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் என்னால அத தாண்டிப் போக முடியல. கீவேர்ட் டேகிங், அதாவது ஒரு மெசேஜ்ல இருக்குற முக்கியமான வார்த்தைய மெஷினே எடுத்து அடையாளமா ஒட்டுறது, அத பத்தி யாராவது பேச ஆரம்பிச்சாலே முதல்ல இந்த நாலு வார்த்தைதான் ஞாபகம் வருது, அதனால இத பத்தி முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் ரத்த தானத்துக்கு ஆள் ஏற்பாடு பண்ற ஒரு சின்ன குழுவுல இருக்கேன். ஆஸ்பத்திரியில இருக்குறவங்களோட சொந்தக்காரங்க எங்க நம்பருக்கு மெசேஜ் போடுவாங்க, நாங்க டோனர் லிஸ்ட்ல பாத்து போன் பண்ணி ஆள அனுப்பி வைப்போம். ரொம்ப நாளா இத ஒரு அக்கா தனி ஆளா பாத்துகிட்டு இருந்தாங்க. ஒவ்வொரு மெசேஜையும் படிச்சு, ஒரு நீள நோட்டுல என்ன குரூப், எத்தனை யூனிட், யார்கிட்ட பேசணும்னு எழுதி வச்சுப்பாங்க. மெசேஜ் கூடக் கூட அவங்களால முடியல, ராத்திரி வந்தத காலைலதான் பாக்க முடியுதுன்னு ஆயிடுச்சு. சிவப்பணுன்னா ஓரளவு பரவால்ல, அத 35 நாள், 42 நாள்னு வச்சுக்க வழி இருக்கு. பிளேட்லெட் அப்படி இல்ல, 20லேர்ந்து 24 டிகிரி செல்சியஸ்ல ஆட்டிகிட்டே வச்சிருந்தாலும் பொதுவா 5 நாள்தான் தாங்கும், அதனால பிளேட்லெட் கேட்டு மெசேஜ் வந்தா பெரும்பாலும் ஆளையே கொண்டுபோய் நிறுத்தணும், அன்னைக்கே நிறுத்தணும். ராத்திரி 11 மணிக்கு வந்த மெசேஜ காலைல 7 மணிக்குப் பாக்குறதுக்கு நடுவுல இருக்குற அந்த எட்டு மணி நேரம் அங்க படுத்திருக்குறவங்களுக்கு ரொம்ப பெரிய நேரம். அதுக்காகத்தான் நான், வர்ற மெசேஜ்ல இருக்குற முக்கியமான வார்த்தைய தானா எடுத்து டேக் போட்டு, டேக் வச்சு பிரிச்சு, அவசரமானத உடனே எல்லாருக்கும் காட்டுற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் எழுதினேன். எழுதினது தப்புன்னு நான் இன்னைக்கும் நினைக்கல, அதுனால நிறைய பேருக்கு சீக்கிரமா ஆள் கிடைச்சிருக்காங்க.

உடைஞ்சு போன எழுத்து

முதல் நாளே அது பண்ணத பாத்து அசந்துட்டேன். "ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும்"னு ஒரு மெசேஜ் குடுத்தா, டேக்னு மூணு துண்டு வந்துச்சு: கட, ரத, தம. அவ்வளவுதான். எங்கேர்ந்து வந்துச்சு இதுன்னு தேடுனா, பைத்தான்ங்குற புரோகிராம் மொழியில இந்த மாதிரி வேலைக்கு பரவலா எடுத்துக்குற ஒரு லைப்ரரியில (மத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் புரோகிராம்), வார்த்தைன்னா என்னங்குறதுக்கு ஒரு விதி முன்னாடியே எழுதி வச்சிருக்காங்க: எழுத்தோ எண்ணோ தொடர்ச்சியா குறைஞ்சது ரெண்டு வந்தாதான் அது வார்த்தை. கம்ப்யூட்டர் எழுத்துக்கெல்லாம் நம்பர் வைக்கிற யூனிகோடுங்குற முறையில நம்ம புள்ளியும், கொக்கி கொம்பு துணைக்காலும் எழுத்துங்கற வகையில வராது, குறிங்கற வகையில தனியா இருக்கு. அதனால புள்ளி வர்ற இடத்துல எல்லாம், கொம்பு வர்ற இடத்துல எல்லாம் வார்த்தை முடிஞ்சதா நினைச்சு அது வெட்டிடுது. வெட்டின துண்டு ஒத்த எழுத்தா இருந்தா தூக்கி போட்டுடுது. "நெகட்டிவ்"ல மிஞ்சினது "கட" மட்டும். "பாசிட்டிவ்"ல ஒண்ணுமே மிஞ்சாது. "வேணும்"லயும் ஒண்ணும் மிஞ்சாது. "மருந்து" வந்தா "மர" ஆயிடும். இதெல்லாத்தையும் விட எனக்கு பகீர்னு இருந்தது அந்த "ஓ"தான், எங்க மெசேஜ்ல உயிரே ரத்த குரூப்தான, ஓ, ஏ, பி எல்லாமே ஒத்த எழுத்து, ஒத்த எழுத்துக்கு அர்த்தம் இருக்காதுன்னு யாரோ எப்பவோ முடிவு பண்ணி வச்சதுல அது அத்தனையும் சத்தமில்லாம போய்கிட்டு இருந்துச்சு.

இத சரி பண்றது கஷ்டம் இல்ல. குறியையும் எழுத்தோட சேத்துக்கோன்னு விதிய மாத்தி எழுதினா போதும், ஒத்த எழுத்த விடாதன்னு சொன்னா போதும். ஆனா மாத்துனதும் வேற ஒண்ணு ஆரம்பிச்சுது. "ஓ, அப்படிங்களா, சரிங்க"ன்னு யாராவது பதில் போட்டா அதுக்கு ஓ குரூப்னு டேக் விழுந்துச்சு. "ஏ பி பாசிட்டிவ்"னு இடம் விட்டு அடிச்சா அது ஏபி குரூப் ஒருத்தரா, இல்ல ஏ ஒண்ணு பி ஒண்ணுன்னு ரெண்டு பேரா? படிக்கிற மனுஷனுக்கே ஒரு நிமிஷம் யோசிக்கணும். கொரோனா சமயத்துல "பாசிட்டிவ்"ங்குற ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் ஆகி, டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்த ஒருத்தர் டோனரா வர முடியாதுன்னு சொன்ன மெசேஜ் போய் தேவைங்குற பக்கம் உக்காந்துச்சு. இன்னொண்ணு, "பாம்பே பிளட் வேணும்"னு ஒரு மெசேஜ். சாஃப்ட்வேர் அத ஊர் பேருன்னு எடுத்துகிட்டு இடம்னு டேக் போட்டுச்சு. 1952ல பெண்டேங்குற டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் பம்பாய்ல கண்டுபிடிச்ச ஒரு அபூர்வ ரத்த வகை அது, சாதாரண டெஸ்ட்ல ஓ குரூப் மாதிரியே தெரியும், ஆனா ஓ ரத்தம் ஏத்துனா உடம்பு ஏத்துக்காது, பாம்பே வகைக்காரங்க ரத்தம் மட்டும்தான் ஏத்த முடியும். அக்கா அத பாத்த உடனே நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டாங்க. சாஃப்ட்வேர் அத ஊர் பேர்னு ஓரமா வச்சிருந்துச்சு.

திரும்பத் திரும்ப சொல்லாதவங்க

அப்புறம் நான் இந்த டெக்னிக் எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு படிக்க ஆரம்பிச்சேன். 1958ல ஐபிஎம்ல இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன், ஒரு கட்டுரையில எந்த வார்த்தை அடிக்கடி வருதோ அதுல இருந்துதான் அந்த கட்டுரை எத பத்தினதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு, மெஷினே சுருக்கம் எழுதுற வழி ஒண்ண சொன்னாரு. 1972ல கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அதுக்கு மறுபக்கத்த சொன்னாங்க: எல்லா இடத்துலயும் வர்ற வார்த்தைக்கு மதிப்பு கம்மி, கொஞ்ச இடத்துல மட்டும் வர்ற வார்த்தைக்கு மதிப்பு அதிகம். இன்னைக்கு வரைக்கும் தேடல்லயும் டேகிங்லயும் இந்த ரெண்டும் சேந்த கணக்கு ஓடிகிட்டுதான் இருக்கு. 2004ல வந்த டெக்ஸ்ட்ரேங்க்ங்குற முறை, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் கோடு போட்டு வலை மாதிரி ஆக்கி, எந்த வார்த்தைக்கு நிறைய தொடர்பு இருக்கோ அத எடுக்கும். எல்லாமே அழகான யோசனை, நான் குறை சொல்லல. ஆனா எல்லாத்துக்கும் அடியில ஒரு நம்பிக்கை இருக்கு: எழுதுறவன் தனக்கு முக்கியமானத பக்கம் பக்கமா திரும்ப சொல்லுவான். பத்து பக்க கட்டுரைக்கு அது உண்மை. எட்டு வார்த்தை மெசேஜ்ல எல்லா வார்த்தையும் ஒரே ஒரு தடவைதான் வருது, அப்ப எத எண்ணுறது? எட்டு வார்த்தைக்கு நடுவுல கோடு போட்டா என்ன வலை கிடைக்கும்?

மெசேஜ் ஏன் சின்னதா இருக்குங்குறதுக்கு பின்னாடியும் ஒரு சேதி இருக்கு. எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்துங்குற அளவு 1985 வாக்குல ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட்ங்குற ஜெர்மன்காரர், டைப்ரைட்டர்ல மனசுக்கு தோணின வாக்கியங்கள அடிச்சு எண்ணிப் பாத்து, மனுஷனுக்கு இவ்வளவு போதும்னு முடிவு பண்ணது. அடியில இருக்குறது 140 பைட். ஆங்கில எழுத்த 7 பிட்ல அடைச்சா 160, நம்ம எழுத்து 16 பிட் எடுத்துக்குறதால 70தான். அதுலயும் "கொடுங்க"ன்னு எழுதுனா நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து, கணக்குல ஏழு போயிடும். அதனாலதான் ரொம்ப பேர் அந்த காலத்துலயே இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிச்சு பழகிட்டாங்க, அந்த பழக்கம் இன்னும் போகல, "வேணும்"ங்குற ஒரு வார்த்தைக்கே எங்க நம்பருக்கு அஞ்சாறு விதமான ஸ்பெல்லிங் வந்திருக்கு. இப்ப யாரும் 70க்குள்ள அடக்க வேண்டியது இல்ல, எவ்வளவு வேணா எழுதலாம், ஆனாலும் ஐசியூ வாசல்ல நிக்கிறவங்க நீளமா எழுத மாட்டாங்க. எழுத கை வராது. முன்னாடி சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்ங்குற நம்பிக்கையில, பாதிய விட்டுட்டுத்தான் அனுப்புவாங்க. "அது இன்னும் வரல". "மறுபடியும் அதே". "டாக்டர் இன்னும் ரெண்டு கேக்குறாரு". எது, எதே, எந்த ரெண்டு? அக்காவுக்கு எல்லாமே தெரியும், ஏன்னா நேத்து அவங்ககிட்டதான் பேசினாங்க.

2007 ஆகஸ்ட் 23ம் தேதி கிறிஸ் மெசினா ட்விட்டர்ல ஹேஷ்டேக் போடலாமான்னு கேட்டாரு இல்லையா, அத மாதிரி அனுப்புறவங்களையே டேக் போட்டு அனுப்ப சொல்லலாம்னு நாங்களும் ஒரு தடவை யோசிச்சோம். "உங்க மெசேஜ் முன்னாடி தேவை அல்லது டோனர்னு போடுங்க"ன்னு சொல்லிப் பாத்தோம். டோனருங்க போட்டாங்க. தேவைப்படுறவங்க ஒருத்தர்கூட போடல, அவங்ககிட்ட அத எதிர்பாத்ததே நியாயம் இல்ல.

வால்ல இருக்குற சேதி

தமிழுக்குன்னு ஒரு விஷயம் இருக்கு, அத சொல்லாம போக முடியாது. டேகிங்ல வழக்கமா பண்ற ஒரு வேலை, வார்த்தையோட வேர எடுத்துகிட்டு பின்னாடி ஒட்டியிருக்குறத வெட்டுறது. ரத்தம், ரத்தத்த, ரத்தத்துக்கு, ரத்தமும் எல்லாமே ஒரே டேகுக்கு கீழ வரணும்ல, அதுக்கு அது தேவை. ஸ்னோபால்னு ஒரு திட்டத்துல தமிழுக்கே வேர் பிரிக்கிற ஒண்ணு இருக்கு, பெயர்ச்சொல்லுக்கு அந்த வேலை நல்லாவே உதவுச்சு. வினைச்சொல் வந்ததும்தான் சிக்கல். கிடைச்சிருச்சு, கிடைக்கல, கிடைக்குமா, கிடைக்காது, கிடைச்சா சொல்லுங்க, இந்த அஞ்சையும் வேர் வரைக்கும் வெட்டுனா அஞ்சுமே "கிடை" ஆயிடும். ஒரு வீட்ல நிம்மதியா மூச்சு விடுறதுக்கும் ஒரு வீட்ல கதறுறதுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் பூரா அந்த வால்ல இருக்கு, அத வெட்டி போட்டுட்டு தலைய மட்டும் டேக்னு எடுத்து வச்சா என்ன பிரயோஜனம்? ஆங்கிலத்துல "இல்ல"ங்குறது தனி வார்த்தையா நிக்கும், அத தொலைச்சாலும் தொலைச்சது கண்ணுக்கு தெரியும். நமக்கு அது வினையோட உடம்புலயே ஒட்டியிருக்கு. தனியா நிக்கிற "இல்லை", "வேண்டும்", "வேண்டாம்" எல்லாம்கூட, நான் எடுத்து வச்சிருந்த தேவையில்லாத வார்த்தைங்க பட்டியல்ல இருந்துச்சு, அடிக்கடி வர்ற வார்த்தை, அதனால அர்த்தம் கம்மின்னு. கணக்குப்படி பாத்தா அது சரிதான். ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து வர்ற மெசேஜ்ல வேணும்ங்குறதுக்கும் வேண்டாம்ங்குறதுக்கும் அர்த்தம் கம்மியா?

அந்த பட்டியல்ல இருந்து அதுங்கள வெளிய எடுத்து, வேர் வெட்டுறத கிடைக்கிறது மாதிரி சில வினைக்கு மட்டும் நிறுத்தி, வாலையும் சேத்து டேக் ஆக்குனதுல எனக்கு பெருமையாவே இருந்துச்சு. இப்ப சாஃப்ட்வேருக்கு "வேணும்" தெரியும், "வேண்டாம்" தெரியும், "கிடைச்சிருச்சு" தெரியும். அடுத்த படியா டேக் வச்சு மெசேஜ பெட்டி பெட்டியா பிரிச்சேன்: தேவை, டோனர், விசாரணை, புகார், நிறைவு. "வேண்டாம்" இல்லன்னா "கிடைச்சிருச்சு" கூட "நன்றி"யும் சேந்து வந்தா அது நிறைவு. நிறைவு பெட்டிக்கு போனா, அவங்களுக்கு தானா ஒரு பதில் போகும், நானே உக்காந்து எழுதின பதில்: உங்கள் தேவை நிறைவேறியதில் மகிழ்ச்சி, விரைவில் நலம் பெற வாழ்த்துகள்.

அந்த மெசேஜ்

ஒரு அம்மாவுக்கு ஏ பாசிட்டிவ் பிளேட்லெட் கேட்டு அவங்க பையன் மூணு நாளா மெசேஜ் போட்டுகிட்டு இருந்தாரு. முதல் நாள் நம்பர் எல்லாம் தெளிவா எழுதியிருந்தாரு, பிளேட்லெட் 18000 தான் இருக்கு, எஸ்டிபி கேக்குறாங்கன்னு. எஸ்டிபின்னா ஒரே டோனர்கிட்ட இருந்து மெஷின்ல பிரிச்சு எடுக்குற பிளேட்லெட், வர்றவரு கொஞ்ச நேரம் அங்கயே படுத்திருக்கணும், அதனால ஆள் கிடைக்கிறது கொஞ்சம் கஷ்டம். அன்னைக்கு ஒருத்தர் போனாரு. ரெண்டாவது நாள் இன்னொருத்தர் போனாரு. மூணாவது நாள் காலைல "இன்னைக்கும் ஒருத்தர் வேணும்ங்க"ன்னு மெசேஜ், நாங்க தேடிகிட்டு இருந்தோம், சாயங்காலம் வரைக்கும் கிடைக்கல. மறுநாள் காலைல 6 மணி சுமாருக்கு வந்துச்சு அந்த மெசேஜ். "இனிமே வேண்டாங்க. ரொம்ப நன்றி."

சாஃப்ட்வேர் டேக் போட்டுச்சு: வேண்டாம், நன்றி. பெட்டி: நிறைவு. பதில் உடனே போயிடுச்சு. நான் எந்திரிச்சு போன பாத்தப்ப நிறைவு பெட்டியில ஒண்ணு கூடியிருக்குன்னு பாத்துட்டு, அப்பாடா அவங்களுக்கு ராத்திரி யார் மூலமாவோ கிடைச்சிருச்சு போலன்னு சந்தோஷமா வேலைக்கு கிளம்பிட்டேன். இத நான் மறைக்க விரும்பல, அந்த நிமிஷம் நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். பத்து மணிக்கு அக்கா போன் பண்ணாங்க. "தம்பி, அந்த ஏ பாசிட்டிவ் பையன் மெசேஜ் பாத்தியா?" பாத்தேன்க்கா, கிடைச்சிருச்சாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அவங்க ஒண்ணும் பேசல. "கிடைச்சிருச்சுன்னு எங்க எழுதியிருக்கான்? வேண்டாம்னுதான எழுதியிருக்கான். விடிகாலைல ஆறு மணிக்கு ஒருத்தன் இனிமே வேண்டாம்னு எழுதுறான்னா நீ என்னன்னு நினைச்ச?" அப்பதான் எனக்கு உறைச்சுது. அந்த "இனிமே"ங்குற வார்த்தைய நானும் படிக்கல, சாஃப்ட்வேரும் படிக்கல, அது இன்னும் அந்த தேவையில்லாத வார்த்தைங்க பட்டியல்லதான் இருந்துச்சு.

எங்க பதிலுக்கு அந்த பையன் மதியானம் ஒரு பதில் போட்டிருந்தாரு. "அம்மா ராத்திரி தவறிட்டாங்க. பரவால்லங்க." இதுக்கும் சாஃப்ட்வேர் டேக் போட்டுச்சு, அம்மா, ராத்திரி, தவறு. "தவறு"ங்குற வார்த்தை இருந்ததால அத தூக்கி புகார் பெட்டியில வச்சுச்சு. தப்பு நடந்துருச்சுன்னு யாரோ புகார் பண்றாங்கன்னு நினைச்சுகிச்சு.

அந்த "பரவால்லங்க" என்ன ஒரு வாரம் தூங்க விடல. வாழ்த்து அனுப்புனது நாங்க, சமாதானம் சொன்னது அவரு. அக்காதான் போன் பண்ணி பேசினாங்க, என்னால பேச முடியல.

கொஞ்ச நாள் கழிச்சு, வழக்கமா பண்ற மாதிரி சாஃப்ட்வேர் போட்ட டேகையும் நாங்க கையால போட்ட டேகையும் பக்கத்துல வச்சு எவ்வளவு சரின்னு ஒப்பிட்டுப் பாத்தேன். அந்த நாலு வார்த்தை மெசேஜுக்கு நேரா சரி, சரின்னு ரெண்டு டிக். ஏன்னா வேண்டாம்ங்குற வார்த்தை அதுல இருக்கு, நன்றிங்குற வார்த்தையும் இருக்கு. மதிப்பெண் தாள்ல அந்த தப்புக்கு இடமே இல்ல. என்ன ரொம்ப நாள் குடைஞ்சது இதுதான். டேக் தப்பு இல்ல, டேகுக்கு அப்புறம் நான் ஒரு முடிவ கட்டி வச்சேன், முடிவுக்கு மேல ஒரு வாழ்த்த கட்டி வச்சேன், அந்த ரெண்டும்தான் தப்பு.

சொல்லாம சொல்றது

ஸ்கூல்ல தகுதி வழக்குன்னு படிச்சது ஞாபகம் இருக்கும், இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு மறந்துட்ட விஷயம். இந்த சம்பவத்துக்கு அப்புறம் ஒரு நாள் திடீர்னு அந்த மூணும் ஞாபகம் வந்து, அட இது என் சாஃப்ட்வேர் தோத்த இடத்தோட பட்டியல்ல, அப்படின்னு நிமிர்ந்து உக்காந்தேன். எஸ்டிபி, பாம்பே எல்லாம் குழூஉக்குறி, ஒரு கூட்டத்துக்குள்ள மட்டும் அர்த்தம் தெரிஞ்ச வார்த்தை. உடம்பு பத்தி வெளிப்படையா சொல்ல கூச்சப்பட்டு சுத்தி வளைச்சு எழுதுற மெசேஜ் எல்லாம் இடக்கரடக்கல், பிரசவ வார்டுல இருந்து வர்ற மெசேஜ்ல அது நிறைய. மூணாவது மங்கலம். செத்துட்டாங்கன்னு நம்ம யாரும் எழுத மாட்டோம். தவறிட்டாங்க, போயிட்டாங்க, காலமாயிட்டாங்க, இயற்கை எய்தினார். வேர் வெட்டுற மெஷின்கிட்ட குடுத்தா இது தவறு, போ, காலம், இயற்கைன்னு வரும். நாலுலயும் சாவு இல்ல, ஏன்னா அந்த வார்த்தை வந்துடக் கூடாதுன்னுதான் மனுஷங்க இவ்வளவு வார்த்தைய உண்டாக்கி வச்சிருக்காங்க. நம்ம இலக்கணம் இத பேர் வச்சு தனி வகையாவே ஆக்கியிருக்கு. கீவேர்ட் எடுக்குறதுங்குறது எழுதியிருக்குற வார்த்தைக்குள்ள முக்கியமானத தேடுறது, நெருக்கடியில இருக்குறவங்க எழுதுறப்ப முக்கியமான வார்த்தைய மட்டும்தான் பாத்து பாத்து எழுதாம விடுறாங்க. "இனிமே வேண்டாங்க"ல மங்கல சொல்கூட இல்ல, அதுக்கும் அந்தாண்ட போய், அத பத்தியே ஒரு வார்த்தை எழுதாம நன்றி மட்டும் சொல்லியிருக்காரு.

2010 ஜனவரி 12ம் தேதி ஹைட்டியில பூகம்பம் வந்தப்ப, 4636ங்குற நம்பருக்கு ஜனங்க குறுஞ்செய்தி அனுப்ப ஒரு ஏற்பாடு பண்ணாங்க. மெசேஜ் எல்லாம் பெரும்பாலும் ஹைட்டி கிரியோல் மொழியில. உலகம் பூரா இருந்த ஹைட்டிக்காரங்க இன்டர்நெட் வழியா அத படிச்சு, மொழிபெயர்த்து, இடம் எதுன்னு கண்டுபிடிச்சு, என்ன வகைன்னு பிரிச்சுக் குடுத்தாங்க. அந்த மெசேஜ்ங்கள வச்சு 2011ல மெஷின் மொழிபெயர்ப்புக்கு ஒரு போட்டியே நடந்துச்சு. உஷாஹிதிங்குற அமைப்பும், வர்ற செய்தியில இருந்து தானா டேக் எடுக்குற கருவிய ஸ்விஃப்ட்ரிவர்ங்குற பேர்ல செஞ்சு பாத்தாங்க. நான் படிச்சதுல திரும்பத் திரும்ப யோசிச்சது, அந்த முதல் நாட்கள்ல வேலை செஞ்சது அந்த மொழியில பிறந்து வளந்தவங்க, ஒரு தெருவுக்கு அந்த ஊர்க்காரங்க வாயில என்ன பேருன்னு தெரிஞ்சவங்க. எங்க அக்கா மாதிரி.

இப்ப சாட்ஜிபிடி மாதிரி பெரிய மொழி மாடல் எல்லாம் வந்துருச்சு, இந்த எழுத்து உடையுற பிரச்சனை, வேர் வெட்டுற பிரச்சனை எல்லாம் அதுக்கு இந்த மாதிரி வர்றது இல்ல. "தவறிட்டாங்க"ன்னா என்னன்னு அதுக்கு தெரியுது, சந்தோஷம்தான். அந்த நாலு வார்த்தை மெசேஜ தனியா அதுகிட்ட குடுத்துப் பாத்தேன். தேவை பூர்த்தியானதுன்னு டேக் போட்டுச்சு, ஒரு தயக்கமும் இல்லாம. அதுக்கு முன்னாடி வந்த மூணு நாள் மெசேஜையும், வந்த நேரத்தையும் சேத்து குடுத்தேன், அப்ப நோயாளி இறந்திருக்கவும் வாய்ப்பு உண்டுன்னு எழுதுச்சு. நல்ல முன்னேற்றம். ஆனா என் பழைய சாஃப்ட்வேர் ஒரு மெசேஜ் புரியலன்னா டேக் இடத்த காலியா விட்டுடும், காலியா இருந்தா யாராவது ஒருத்தர் தொறந்து படிச்சே ஆகணும். இது காலியா விட்டு நான் பாத்ததே இல்ல, எதாவது ஒண்ண அழகா நிரப்பி வச்சிடுது. நிரப்பி வச்சத பாத்தா படிச்சாச்சுன்னு நமக்கு தோணிடுது, அந்த தோணல்தான் என்ன அன்னைக்கு காலைல சந்தோஷமா வேலைக்கு அனுப்புச்சு.

அதனால இப்ப எங்ககிட்ட டேக் இருக்கு, பெட்டி குறைஞ்சுடுச்சு. குரூப், யூனிட், பிளேட்லெட்டா முழு ரத்தமா, இது எல்லாத்தையும் மெஷின் எடுக்குது, அவசரத்த எழுப்பி காட்டுது, அதுல எனக்கு எந்த தயக்கமும் இல்ல, ராத்திரி 11 மணி மெசேஜ் காலைல வரைக்கும் காத்திருக்குறது இப்ப இல்ல. நிறைவுங்குற பெட்டிய எடுத்துட்டேன். தானா போற பதில் எல்லாத்தையும் எடுத்துட்டேன், "உங்க மெசேஜ் வந்துருச்சு"ங்குறது ஒண்ணத் தவிர. "வேண்டாம்"னு வந்தா டேக் "வேண்டாம்", அதுக்கு மேல ஒரு அர்த்தமும் கிடையாது, பக்கத்துல ஒரு காலி கட்டம், யாராவது போன் பண்ணி பேசின பின்னாடி அவங்க கையால நிரப்பணும். டேக் விழாத மெசேஜ்தான் லிஸ்ட்ல முதல்ல வரும். இத கேட்டுட்டு ஒரு நண்பர் சொன்னாரு, நீ ஆட்டோமேஷன் பண்ணிட்டு அதையே திரும்ப கை வேலையா ஆக்கிட்ட, நூத்துக்கு தொண்ணூறு பேர் உண்மையிலேயே கிடைச்சுதான் வேண்டாம்னு சொல்லுவாங்க, அத்தனை பேருக்கும் போன் பண்ணணுமான்னு. தொண்ணூறுங்குற கணக்கு அவர் சும்மா சொன்னது, ஆனா பெரும்பாலும் அப்படித்தான், ஒத்துக்குறேன். பண்ணணும். கிடைச்சவங்களுக்கு ரெண்டு நிமிஷ போன்னால ஒரு நஷ்டமும் இல்ல.

நேத்து அப்படி ஒண்ணு வந்துச்சு, "வேண்டாம் மேடம், தேங்க்ஸ்"னு. அக்காவும் நானும் பக்கத்துல பக்கத்துலதான் உக்காந்திருந்தோம். அவங்க கண்ணாடிய போட்டுகிட்டு அந்த நம்பருக்கு முன்னாடி வந்த மெசேஜ் எல்லாத்தையும் முதல்லேர்ந்து படிச்சாங்க, அப்புறம்தான் டயல் பண்ணாங்க. அந்த பக்கம் ஒரு அம்மா எடுத்து, ரத்த வங்கியிலேயே கிடைச்சிருச்சு, ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு மாத்திட்டாங்க, சொல்ல நேரமே இல்லன்னு மூச்சு விடாம பேசினாங்க. அக்கா "நல்லதுங்க, நல்லதுங்க"ன்னு கேட்டுகிட்டே இருந்துட்டு, போன வச்சதும் காலி கட்டத்துல "கிடைச்சது, பேசினேன்"னு டைப் பண்ணாங்க, அப்புறம் பையில இருந்து அந்த பழைய நீள நோட்ட எடுத்து அதுலயும் எழுதிகிட்டாங்க.